தறி மேல் கேட்ட கேள்விகள்

என் பழைய மடிக்கணினியில் ஒரு வரைபடம் இருக்கிறது. இரண்டே இரண்டு பட்டைகள். ஒன்று குள்ளமாகப் பச்சை நிறத்தில், இன்னொன்று நெட்டையாகச் சிவப்பு நிறத்தில். பச்சைக்குக் கீழே 'தறி ஓடும் வீடுகள்' என்றும் சிவப்புக்குக் கீழே 'தறி ஓடாத வீடுகள்' என்றும் எழுதியிருக்கும். பட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு மன வேதனை என்று அர்த்தம். அந்தப் பச்சைப் பட்டைக்குள் என் அண்ணி இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குகிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள், வாழ்க்கை அலுத்துவிட்டதாக ஒருநாளும் நினைத்ததில்லை என்று அந்தப் படம் சாதிக்கிறது. படத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான். அது தப்பு என்று தெரிந்து, சொல்லி, சண்டை போட்டுத் தோற்ற பிறகு, சம்பளத்துக்காகப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கோபம் ஆறிப்போய்விடக் கூடாது, அதற்குத்தான்.

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு எங்கள் ஊர். பட்டு நெசவு. அண்ணனும் அண்ணியும் மாற்றி மாற்றித் தறியில் உட்காருவார்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. வீட்டில் நான் ஒருத்திதான் தறியில் உட்காராமல் தப்பித்துக் காலேஜுக்குப் போனவள். படித்தது உளவியல். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பைத்தியத்துக்குப் படிக்கிறது'. படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரியில், ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வந்த பதில்களை எண்ணாக மாற்றுவேன். எண்களைக் கட்டங்களில் அடுக்கி, விட்டுப்போனதைத் தேடி, இரட்டித்து வந்ததை நீக்கி, கணினியில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் கண்ணுக்கு லட்சணமாகப் படம் போட்டுக் கொடுப்பேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வாயால் அழுது சொன்னால் நம்பாத ஆட்கள் எண்ணாகச் சொன்னால் நம்புகிறார்களே என்று பெருமைகூட இருந்தது. இன்றைக்கு அதே காரணத்துக்காக அந்த வேலை கசக்கிறது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு பையன். அவனுக்கு அடுத்து வயிற்றில் வந்தது ஏழாம் மாதத்தில் போய்விட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணி கொஞ்ச நாள் படுத்திருந்தாள், பிறகு எழுந்து தறியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் 'பரவால்ல, தேறிட்டா' என்றார்கள். தேறவெல்லாம் இல்லை. தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. நெய்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். அண்ணன் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்தச் சமயத்தில் ஓர் அறக்கட்டளை எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவரை அனுப்ப ஆரம்பித்தது. சோதனை முறை என்றார்கள். வியாழக்கிழமை தோறும் பால்வாடிக்குப் பக்கத்து அறையில் அந்தப் பெண் வந்து உட்காருவார். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். ஊர்ப் பெண்களுக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, டீச்சர் என்றார்கள். வீட்டில் கேட்டால் 'எம்ப்ராய்டரி கிளாஸ்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அண்ணி முதல் இரண்டு வாரம் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாவது வாரம் உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒரு வியாழனையும் விட்டதில்லை. தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டாள். எனக்கு அது பெரிய விஷயம். அண்ணன்கூடக் கவனித்துவிட்டுக் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

சோதனை முறை என்றால் ஒருநாள் முடிவு எடுப்பார்கள் அல்லவா? இந்த ஊர்ப் பெண்களுக்கு வியாழக்கிழமை டீச்சர் அவசியம்தானா என்று தெரிந்துகொள்ள அறக்கட்டளை ஓர் ஆய்வு நடத்தச் சொன்னது. ஆய்வு எங்கள் கல்லூரிக்கு வந்தது. பேராசிரியர் மேடத்தின் கைக்கு வந்தது. என் மேசைக்கும் வந்தது. கோப்பின் மேல் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. பெண்களின் வேதனை எண்ணில் தெரிந்தால் டீச்சர் நிலைப்பார், தெரியாவிட்டால் போய்விடுவார். அண்ணியின் சோறு அந்த எண்ணில் இருந்தது.

சொந்த ஊர் என்று மேடத்திடம் சொன்னேன். அப்படியானால் நீ கேள்வி கேட்கப் போகக் கூடாது, உனக்குச் சாய்வு இருக்கும், இங்கிருந்தே கணக்கு பார் என்றார். அதில் தப்பில்லை. புதிதாக வரும் ஆய்வு மாணவிகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆய்வு மாணவிகள் போனார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் நாலு. தூக்கம் வராமல் இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதிலும் ஆசை விட்டுப்போனதா என்று வரிசையாகப் போய், கடைசிக் கேள்வி, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா.

பதில்கள் வந்தன. மார்கழி மாதம். கட்டங்களைத் திறந்து பார்த்தேன், பூஜ்யம். கீழே இறங்கினால் பூஜ்யம். பக்கவாட்டில் போனாலும் பூஜ்யம். நடுவில் அங்கங்கே ஒரு ஒன்று, எங்கோ சில வீடுகளில் மூன்று நாலு, மறுபடி பூஜ்யம். ஏதோ சொர்க்கத்தில் போய்க் கேட்டு வந்ததுபோல இருந்தது. மனிதர்கள் கூடி வாழும் எந்த ஊரிலும் இப்படி வராது. மகிழ்ச்சியான ஊரில்கூடத் தெருவுக்கு நாலு பேர் தூக்கம் வரவில்லை என்பார்கள். முட்டிவலிக்காவது வராதா?

மாணவிகள் வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். நடக்காத விஷயமில்லை. அவர்களில் ஒருத்தியை கேன்டீனுக்குக் கூட்டிப் போய் நேராகவே கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஒவ்வொரு வீட்லயும் போய்க் கேட்டேன். அவங்க தறில உக்காந்து நெய்யறாங்க, நான் பக்கத்துல தரையில உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சேன். வேலைய நிறுத்தாதீங்க, கூலிக்காரங்க நேரத்த வீணாக்கறது பாவம்னு மேடம் சொல்லித்தான் அனுப்புனாங்க. நெய்யற எடத்துலயே கேட்டோம். சில வீடு தவிர எல்லாரும் சிரிச்சிக்கிட்டேதான் பதில் சொன்னாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. என் காப்பி ஆறிப்போனது. எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை, அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அப்போதும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை, என்னவோ நெருடியது. அந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி தறியில் இருந்தாள். இறங்கி வரும் வரை காத்திருந்து, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலேஜிலேர்ந்து பொண்ணுங்க வந்தாங்களா அண்ணி?"

"வந்தாங்களே. நல்ல பொண்ணு. மோர் குட்த்தேன். குந்திகினு வரிசையா கேட்டுகினே இருந்தா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் கீறோம்னு சொன்னேன்."

"தூக்கம்?"

"நல்லா வர்துன்னு சொன்னேன்."

"ஏன் அண்ணி?"

பாத்திரத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பட்டணம் போனதில் இவளுக்கு மூளை கழன்றுவிட்டதோ என்று பார்ப்பதுபோல.

"இன்னா பாப்பா இப்படி கேக்கற? தறில முகூர்த்தப் பொடவ கீது. எந்த ஊட்டுப் பொண்ணோ, தாலி ஏர்ற நேரத்துல கட்டிகினு மணையில குந்தப் போறது. அந்தத் தறி மேல குந்திகினு, ஆமாங்க எனக்கு செத்துடலாம் போல கீதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அந்தப் பொண்ணு நல்லா இருக்க வாணா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் அந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது அதன் மேல் உட்கார்ந்து கெட்ட பேச்சு பேசக் கூடாது, அழக் கூடாது, யாரையும் சபிக்கக் கூடாது. சண்டை போட வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் தறியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்துதான் போடுவார்கள். சாவுச் சேதி வந்தால்கூட இறங்கச் சொல்லித்தான் காதில் போடுவார்கள். தையில் கல்யாணம் என்றால் மார்கழியில் எல்லார் தறியிலும் முகூர்த்தப் புடவைதான். அந்த மாதத்தில், அந்த இடத்தில் வைத்து, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்று எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். எவளாவது ஆமாம் என்பாளா? முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் புடவைக்காக அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப நெஜம்?" என்றேன்.

"நெஜத்த வியாய்க்கெழம டீச்சராண்ட சொல்லிகினுதான கீறேன்" என்று மறுபடி பாத்திரத்தை எடுத்தாள்.

திரும்பிப் போய்க் கணினியைத் திறந்தேன். மாணவிகள் குறிப்பு என்ற இடத்தில் சில வீடுகளுக்கு 'தறி காலி' என்று எழுதியிருந்தார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு நூல்தான் பாவு; ஒரு பாவு நெய்து முடிந்து அடுத்த பாவு ஏற்றும் வரை தறி சும்மா கிடக்கும், அந்த நாளில் போயிருக்கிறார்கள். அந்த வீடுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று, நாலு, மூன்று. கடைசிக் கேள்விக்குக்கூட. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்கள் துன்பப்படுவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் தொழில் வேறெது இருக்கும்? ஆனாலும் சந்தோஷப்பட்டேன். உண்மை பேசிய இடம் கிடைத்துவிட்டது, டீச்சர் நிலைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிரித்த கணக்கை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். மாணவிகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ வைத்து அனுப்பினார். என் கணக்கை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்மா! இது எனக்குத் தோணவே இல்ல. தறி ஓடற வீட்ல வேதனை இல்ல, ஓடாத வீட்ல வேதனை. நெய்யறதே ஒரு தெரபி மாதிரி வேலை செய்யுது பாரு!"

நான் நின்றபடியே விளக்கினேன். மேடம், தறி காலியாக இருப்பவர்களுக்கு வேதனை அதிகம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்றைக்குத் தறி காலியாக இருக்கும் வீட்டில் நாளை மறுநாள் பாவு ஏறிவிடும். இன்று ஓடும் தறி அடுத்த மாதம் காலியாகும். எல்லாரும் ஒரே பெண்கள்தான். தறியில் புடவை இருந்தால் சொல்ல மாட்டார்கள், இல்லாவிட்டால் சொல்வார்கள். இரண்டு கதைக்கும் ஒரே படம்தான் வரும். எது உண்மை என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. பூஜ்யம் சொன்ன பெண்களில் கொஞ்சம் பேரிடம், தறியை விட்டு இறங்கிய பிறகு, வேறு இடத்தில் வைத்து, அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.

"இதை யார் சொன்னது?"

"எங்க அண்ணி."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அண்ணி சொன்னது டேட்டா இல்லைம்மா."

"அண்ணி சொன்ன பூஜ்யம் டேட்டா. பூஜ்யம் ஏன் சொன்னான்னு அதே அண்ணி சொன்னா அது டேட்டா இல்லையா மேடம்?"

கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை உட்காரச் சொன்னார். ரொம்பப் பொறுமையாகப் பேசினார். உனக்கு அந்த ஊர்மேல் பாசம் இருக்கிறது, இயல்புதான், அதனால்தான் உன்னைக் களத்துக்கு அனுப்பவில்லை. மறுபடி கேட்பது திட்டத்தில் இல்லை. அனுமதி வாங்க நாளாகும். அறக்கட்டளைக்குத் தேதி கொடுத்தாயிற்று. வேண்டுமானால் குறைபாடுகள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டுக்கொள் என்றார். எனக்கு அண்ணி சாட்சி, அண்ணிக்கு நான் சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி என்று நினைத்திருப்பார். அடுத்த இரண்டு வாரமும் மின்னஞ்சலில் எழுதினேன், நேரில் கேட்டேன், துறைத் தலைவரிடம் போனேன். அவர் மேடத்திடமே என்னைத் திருப்பி அனுப்பினார். செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம்.

படம் போட்டுக் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, வித்தியாசம் இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டும், படத்தின் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காதே, கொஞ்சம் மேலே தள்ளித் தொடங்கு என்றார். அப்படிச் செய்தால் குள்ளம் இன்னும் குள்ளமாகும், நெட்டை இன்னும் நெட்டையாகும். எங்கள் தொழிலில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அச்சை நகர்த்தினால் போதும். பச்சைப் பட்டை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் என் ஒரு வரியைப் போட்டேன். 'நேர்காணல் நடந்த இடம் பதில்களைப் பாதித்திருக்கலாம்.' கலாமாம். அதற்கு மேல் எழுத விடவில்லை.

முடிவை அறிவிக்க ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள், முதலாளிகள், நெசவுக் குடும்பங்கள் எல்லாருக்கும் அழைப்பு. முதல் நாள் ஊரில் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். டீச்சரை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது என்றேன். அவள் முகம் வெளுத்தது.

"நான் எய்ந்து சொல்லட்டா பாப்பா? அங்க கேப்பாங்களா?"

"கேப்பாங்க. கடைசியில மக்கள் கருத்துன்னு மைக் குடுப்பாங்க. சொல்லுவியா அண்ணி? எல்லாரும் இருப்பாங்க. முதலாளி இருப்பாரு. அண்ணன் இருக்கும்."

"இருக்கட்டும். மண்டபத்துல இன்னா தறியா கீது? சொல்றேன்."

அப்படிச் சொன்னவள் அன்று முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது நின்று, 'தூக்கம் வர்தில்லீங்கன்னு மொதல்ல சொல்லட்டா, கொய்ந்த போனத மொதல்ல சொல்லட்டா' என்று கேட்டாள். குழந்தையை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குழந்தையிலிருந்தே ஆரம்பி என்றேன்.

மண்டபத்தில் என் வேலை புரொஜெக்டருக்குப் பக்கத்தில் கணினியோடு நிற்பது. மேடம் நல்ல பட்டுப் புடவையில் வந்திருந்தார். தமிழில் அழகாகப் பேசினார். பச்சையும் சிவப்பும் திரை முழுக்க விரிந்தன. கலைஞர்களே, உங்கள் தறியே உங்கள் மருந்து என்றார். முதல் வரிசையிலிருந்த முதலாளிகள் பலமாகக் கைதட்டினார்கள். தட்டமாட்டார்களா? தறி ஓடினால் துக்கம் தீரும் என்று காலேஜே சொல்லிவிட்டது. என் ஒரு வரி இருந்த கடைசிப் பக்கத்துக்கு வருமுன் டீ வந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்துப் போதும் என்று கை காட்டினார்.

டீக்குப் பிறகு அறக்கட்டளைப் பெரியவர் எழுந்து, நீங்களே சொல்லுங்கம்மா, வியாழக்கிழமை வகுப்பு உங்களுக்குத் தேவைதானா, யாராவது மேடைக்கு வந்து பேசுங்கள் என்றார். உண்மையாகவே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். பெண்கள் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி எழுந்தாள். மற்ற பெண்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். அண்ணன் தலை நிமிர்ந்து பார்த்தான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவழியில் நடந்து, மேடைப் படியில் ஏறினாள்.

மேடையில் ஒரு மேசை. நெசவாளர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று மேடம் ஒரு முதலாளியிடம் சொல்லி, புதிதாகத் தறியிலிருந்து அறுத்த ஒரு முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து அந்த மேசை மேல் விரிக்க வைத்திருந்தார். அரக்குச் சிவப்பு, அகலக் கரை. அதன் மேல் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ. ஒரு முனையில் துண்டுச் சீட்டில் பெண் வீட்டாரின் ஊரும் கல்யாணத் தேதியும் எழுதித் தைத்திருந்தது. அன்று சாயங்காலமே போய்ச் சேர வேண்டிய புடவை. காலையிலிருந்து அது என் கண்முன்தான் இருந்தது. மைக் அந்த மேசை மேல்தான் இருக்கிறது என்பது அண்ணி அதன் முன் போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணி மைக்கை எடுத்தாள். குனிந்து புடவையைப் பார்த்தாள். கரையை விரலால் தொட்டு, மடிந்திருந்த ஒரு மூலையை நேராக்கினாள். நான் கணினியை விட்டுவிட்டு மேடைப் பக்கம் நகர்ந்தேன். புடவையைச் சுருட்டி எடுத்துவிடலாம், மைக்கைக் கீழே கொண்டு வந்துவிடலாம் என்று ஓடியது புத்தி. அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நல்லா கீறோம்ங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

மண்டபமே கைதட்டியது. பெரியவர் கும்பிட்டார். மேடம் என்னைப் பார்த்தார், பார்த்தாயா உன் அண்ணியே சொல்லிவிட்டாள் என்பதுபோல. தட்டிலிருந்து பூ எடுத்து அண்ணிக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், என் பக்கம் திரும்பாமல், "அந்தப் பொண்ணுக்கு நாளிக்கு கல்யாணமாம் பாப்பா" என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அந்தப் புடவைமேலும், முகம் தெரியாத அந்தக் கல்யாணப் பெண்மேலும்கூட வந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள் பாவம்.

டீச்சர் அடுத்த வியாழன் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சுவரொட்டி வந்தது. 'தறியே தியானம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, என்னுடைய இரண்டு பட்டைகளையும் அச்சடித்து, பால்வாடிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். மேடத்தின் கட்டுரை நல்ல ஆய்விதழில் வெளியானது. ஆசிரியர்கள் வரிசையில் என் பெயரையும் போட்டிருந்தார், அச்சுக்குப் போகுமுன் நான்தான் எடுக்கச் சொன்னேன். என் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் நீட்டிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் ஜனங்கள் எந்த சோப்பு வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறேன்.

அண்ணி பழையபடி ஆகிவிட்டாள். சோறு தட்டில் மிஞ்சியது. நெய்யும் கை நின்றது. வேலூரில் ஒரு டாக்டரிடம் போகலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். தறியில் கல்யாணப் புடவை இருக்கும்போது ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காதே என்பாள். ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏறுவதற்குள் என்று காத்திருந்தேன். போன மாதம் அண்ணன் போன் செய்து, பாவு முடிந்துவிட்டது, அடுத்தது வர இரண்டு நாளாகும், வா என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. உடனே டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் ஊரில் இருந்தேன்.

அண்ணி தறி மேடையில் உட்கார்ந்திருந்தாள். பட்டில்லாமல் தறி வெறும் சட்டமாக நின்றது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளிக்கு அங்க இன்னா கேப்பாங்க பாப்பா?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டதுபோலத்தான் அண்ணி."

"அப்ப நீயே ஒரு தபா கேளு. இப்பதான் தறி காலியா கீதே."

அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். கேட்டேன். தூக்கம் என்றேன், வர்தே இல்ல என்றாள். அழுகை என்றேன், டெய்லி என்றாள். ஆசை என்றதற்குச் சிரித்தாள். ஒளிக்கவே இல்லை, கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் வந்தது. பச்சைப் பட்டை என் கண்ணெதிரில் சரசரவென்று வளர்ந்துகொண்டிருந்தது, எழுதிவைக்க ஒரு கட்டமும் இல்லை. கடைசிக் கேள்வி வந்தது. கேட்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

அண்ணி காலித் தறியைப் பார்த்தாள்.

"அந்தக் கேள்விக்கு எத்தினி வரைக்கும் கீது நம்பரு?"

"நாலு வரைக்கும் அண்ணி."

"அவ்ளோதானா?" என்றாள்.